காரணம் கேட்கிறார்கள்

அக்டோபர் 11, சனி

கேஸ் அடுப்புக்குப் புது டியூப் மாற்றினேன். சோப்பு நுரை தடவிப் பார்த்ததில் கசிவு இல்லை. பிறகு சந்தேகம் வந்து மறுபடியும் தடவினேன்.

வடவள்ளி தாண்டி இருக்கும் இந்தக் குடியிருப்புக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஓய்வு பெற்றவர்களுக்கென்றே கட்டியது. மனைவி சௌந்தரம் போன பிறகு பழைய வீட்டில் நான் தனியாக இருப்பது சரிப்படாது என்று ஓசூரில் இருக்கும் மகள் வசுமதி முடிவு செய்தாள். நான் மறுக்கவில்லை. கல்லூரியில் மண்ணியல் நடத்திய காலத்திலும் நான் எதையும் பெரிதாக மறுத்ததாக நினைவில்லை.

மாலை எதிர்வீட்டு ராக்கியப்பன் வந்தார். பீளமேட்டுப் பக்கம் மோட்டார் பட்டறை நடத்தியவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். புதனும் சனியும் ஆறு மணிக்கு அவர் வீட்டுப் போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்கிறார்கள். அதற்குச் சங்கம் என்று பெயர்.

“ஏனுங் புரபசர், மூணு மாசமா சன்னல் வழியாவே எங்களப் பாத்துட்டு இருக்கறீங்க. நாங்க என்ன சினிமாவா? வாங்க.”

கையைப் பிடித்து அழைத்துப்போனார். யாரோ என் கையைத் தொட்டு ரொம்ப நாளாகிவிட்டது என்று தெருவைக் கடக்கும்போது தோன்றியது. அங்கே டேனியல் ராஜமணி இருந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சிரிக்காமல் பேசிப் பிறரைச் சிரிக்க வைக்கிறார். எனக்கு மாம்பழச்சாறு கொடுத்தார்கள். அவர்கள் குடித்தது வேறு. எட்டு மணிவரை இருந்தேன்.

அக்டோபர் 15, புதன்

மின்கட்டணம் கட்டினேன். இரண்டு சட்டைக்குப் பித்தான் தைத்தேன்.

சங்கத்துக்குப் போனேன். மாம்பழச்சாறு கேட்டபோது ராக்கியப்பன் தலையாட்டினார். “ஜூஸ் குடிக்கறவருக்கு இங்க ஓட்டு கெடையாதுங்க.”

“ஒரு மூடி அளவுதான் சார்” என்றார் டேனியல். “மூடி அளவுக்கெல்லாம் யோசிச்சா அதுக்குப் பேரு இருமல் மருந்து.”

எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஊற்றிவிடலாம் என்றால் கீழே வெள்ளை டைல்ஸ். குடித்தேன். உண்மையிலேயே இருமல் மருந்துபோலத்தான் இருந்தது, தொண்டை எரிந்தது. அவ்வளவுதான். பிரமாதமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் காலை சேர்த்தது: வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். ஏழு மணிக்குத்தான் விழித்தேன். நேற்றுக் காலையில் நடந்த களைப்பாக இருக்கலாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

நேற்று சங்கம். மரியாதைக்காகக் கொஞ்சம். நன்றாகத் தூக்கம். ஒருமுறை கிடைத்த முடிவை வைத்து எதையும் சொல்லக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லுவேன். இரண்டு முறையும் போதாது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

வசுமதி பேசினாள். “தூங்கறீங்களாப்பா?” என்று கேட்டாள். போன வருஷம் ஆடியில் அவள் அம்மா போனதிலிருந்து ஒவ்வொரு போனிலும் கேட்கிற கேள்வி. “நல்லாத் தூங்கறேம்மா” என்றேன். இந்த முறை அது பொய் இல்லை. அவள் குரலில் தெரிந்த நிம்மதியைக் கேட்டு எனக்கும் நிம்மதியாக இருந்தது. எப்படி என்று அவள் கேட்கவில்லை.

பண்டிகை என்பதால் மதியமே சங்கம் கூடியது. இரண்டு டம்ளர். கணக்கில் பிழை இருக்கலாம்.

அக்டோபர் 25, சனி

ஐந்து மணிக்கே சட்டை மாற்றிவிட்டேன். மழை வருவதற்குள் போய்விடலாம் என்ற எண்ணம்தான். நேரம் போகாமல் சுவர்க்கடிகாரத்தின் கண்ணாடியை இறக்கித் துடைத்தேன்.

ராக்கியப்பன் வீட்டுப் போர்ட்டிகோ இருட்டாக இருந்தது. தாராபுரத்தில் கல்யாணமாம், அவர் மனைவி தனபாக்கியம்மாளும் போயிருக்கிறாராம். வாட்ச்மேன் சொன்னார். டேனியல் வீட்டு வாசல்வரை நடந்தேன். அங்கேயும் பூட்டு. திரும்பி வந்து, மறுபடியும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். பிறகு தோசை சுட்டுச் சாப்பிட்டேன்.

தூக்கம் இல்லை.

அக்டோபர் 27, திங்கள்

ராக்கியப்பன் ஊரிலிருந்து வந்தார். சனிக்கிழமை நான் தேடி வந்ததாக வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். அவருக்கு மனம் கேட்கவில்லை. மடியில் மறைத்து எடுத்து வந்து, செய்தித்தாளில் சுற்றிய அரை பாட்டிலை என் மேசையில் வைத்தார்.

“சங்கம் இல்லாத நாளைக்கு வெச்சுக்குங்க. ஒண்டியா இருக்கறவிய நீங்க.”

அன்பாகத்தான் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் வீட்டு மின்விசிறி சத்தம் போடுவதைப் பார்த்து ஸ்டூலில் ஏறிவிட்டார். சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார். மின்விசிறி இப்போது சத்தம் போடுவதில்லை.

பாட்டிலைச் சமையலறை மேல்தட்டில் ரவை டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். லேபிளில் மட்டத்துக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். தொடப்போவதில்லை என்பதற்கு ஓர் அத்தாட்சி இருக்கட்டும்.

நவம்பர் 2, ஞாயிறு

மட்டம் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. மூடி சரியாக இறுகவில்லை என்று நினைக்கிறேன். ஆவியாகும் திரவம்.

நவம்பர் 4, செவ்வாய்

மூடியை நன்றாக இறுக்கினேன்.

மட்டம் மேலும் கீழே.

நவம்பர் 5, புதன்

இன்று காலை கண்ணாடிமுன் நின்று சவரம் செய்தபோது தாடையில் வெட்டிக்கொண்டேன். சிறிய வெட்டு. ஆனால் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒன்றை ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. எனக்கு எழுபத்தொரு வயது. ஒரு வேலையைத் தொடங்கினால் தினமும் அதே நேரத்தில் தவறாமல் செய்கிற சுபாவம் எனக்கு. எல்லோரும் பாராட்டிய சுபாவம். மற்றவர்கள் வாரத்துக்கு இரண்டு நாள் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். நான் அப்படி இருக்கமாட்டேன்.

இன்று சங்கத்தில் மறுத்துவிடுவதென்று முடிவு.

அதே நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு

மறுத்தேன். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன் என்றேன். டேனியல் தன் சட்டைப்பையிலிருந்து அதே மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். “ரெண்டும் பத்து வருஷமா உள்ள சண்டை போடாம இருக்குதுங்க சார்.”

டாக்டர் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். ராக்கியப்பன் ஈரோட்டில் இருக்கும் தன் சொந்தக்கார டாக்டரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, “நம்ம புரபசருக்கு ஒரு கட்டிங் ஆவுமுங்களா, ஆவாதுங்களா?” என்று கேட்டார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வந்தது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில், பிடிக்கவில்லை என்றேன்.

ராக்கியப்பனின் முகம் மாறிவிட்டது. “எதுங்க புடிக்கல? சரக்குங்களா, நாங்களுங்களா?”

அவர் கேலிக்குக் கேட்கவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 12, புதன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சங்கத்தில் பேச்சு ராக்கியப்பனின் அக்கா மகன் அருள்செல்வன் பக்கம் திரும்பியது. முப்பத்தைந்து வயது, பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு. வருடம் முழுக்கக் குடிப்பவன் கார்த்திகை பிறந்து மாலை போட்டால் வாசம்கூடப் பிடிக்க மாட்டானாம்.

“கூட்டாளிங்க விடுவாங்களா?” என்றேன்.

“மாலை போட்டவன யாருங்க கூப்புடுவா? பாவமில்லீங்களா?” என்று சொல்லிக்கொண்டே ராக்கியப்பன் என் டம்ளரில் ஊற்ற வந்தார். பாட்டிலின் கழுத்து டம்ளரின் விளிம்பில் பட்டு டிக் என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு என் நாக்கு ஊறியது. நான் பயந்துபோனேன்.

“நான் கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போடறேன்” என்றேன்.

யார் குரலோ பேசியதுபோல் இருந்தது. ராக்கியப்பன் அந்தரத்தில் நிறுத்திய பாட்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். டேனியல் எழுந்து என் முன்னால் இருந்த டம்ளரை எடுத்து, மிக்சர் தட்டையும் தள்ளி வைத்தார். “சொல்லக்கூடாதா சார் இத்தன நாளா” என்றார். ஒருவரும் காரணம் கேட்கவில்லை. ஒரு மாதமாக நான் சொன்ன எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டவர்கள்.

ஐயப்பன் கோயில் எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. சௌந்தரம் எந்தக் கோயிலுக்குப் போனாலும் நான் வெளியே நின்று செருப்பைப் பார்த்துக்கொள்வேன். நம்பிக்கை இல்லை என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இருந்ததில்லை. இப்போது நம்பிக்கை இருப்பதாகச் சொல்லிவிட்டேன். இது எவ்வளவு பெரிய தவறு என்று யாரிடம் கேட்பது?

நவம்பர் 13, வியாழன்

மூட்டுவலி, மலை ஏற முடியாது, அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று ராக்கியப்பனிடம் சொல்ல வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவரே வந்துவிட்டார். வாசலிலேயே நின்றார். வழக்கமான சத்தம் இல்லை.

“நானும் உங்ககோட மாலை போடறனுங்க.”

“நீங்களா?”

“ஏனுங், போடக்கூடாதுங்களா? பத்துப் பாஞ்சு வருசத்துக்கு முந்தி போட்டதுதான். குருசாமிகிட்டப் பேசிட்டனுங்க. ரெண்டு பேருக்கும் சேத்து.”

என் வாக்கியங்களில் ஒன்றும் பயன்படவில்லை.

நவம்பர் 17, திங்கள், கார்த்திகை 1

விடியற்காலையில் பச்சைத்தண்ணீர்க் குளியல். பல் கிட்டியது. கிளம்புமுன் ரவை டப்பாவுக்குப் பின்னால் இருந்த பாட்டிலை எடுத்துச் சிங்கில் ஊற்றினேன். மட்டத்தைப் பார்க்கவில்லை. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தும் வாசம் போக நேரமாயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

கோயிலில் குருசாமி மாலையைக் கழுத்தில் போட்டார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நானும் போட்டுக்கொண்டேன். முதல் முறை போகிறவன் என்பதால் நான் கன்னிசாமியாம். கறுப்பு வேட்டியோடு நான் திரும்பி வருவதைப் பார்த்த டேனியல், “எழுபத்தொரு வயசுல கன்னி. பேப்பர்ல போடவேண்டிய சங்கதி” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தப்பா எடுத்துக்காதீங்க சாமி” என்றார். நேற்றுவரை சார்.

ராக்கியப்பனின் கை நடுங்கியதால் வேட்டி முடிச்சைக் குருசாமிதான் போட்டுவிட வேண்டியிருந்தது. தண்ணீர் அவ்வளவு குளிர்.

நவம்பர் 19, புதன்

ஆறு மணிக்குச் சங்கம் இல்லை. தனபாக்கியம்மாள் தெருவைக் கடந்து ஓடி வந்தார். அவர் இதுவரை என்னிடம் பத்து வார்த்தைக்குமேல் பேசியதில்லை.

“கொஞ்சம் வாங்க சாமி. அவுரு செவுத்துல எறும்பு ஊருதுங்கறாரு. அங்க எறும்பே இல்லீங்க.”

ராக்கியப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, “அந்த எறும்ப மட்டும் தொடச்சு உட்ருங்க” என்றார். கை, தலை, உதடு எல்லாம் உதறியது.

காய்ச்சலாக இருக்குமோ என்று நான் இழுத்தேன். தனபாக்கியம்மாள் அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். “காத்தால பல்லு வெளக்குனதும் வேணுமுங்க அவுருக்கு. ஏழெட்டு வருசமா. சங்கத்துல உக்காருறது ஊருக்குத் தெரியறது. எனக்குத் தெரியறது வேற. முந்தாநேத்துலருந்து ஒரு சொட்டு இல்லீங்க. உங்களப் பாத்துத்தான் நிறுத்துனாரு. நீங்க நல்லா இருக்கோணும்.”

“டாக்டர்கிட்டப் போகலாம்” என்றேன். தானாகச் சரியாகிவிடும், மாலையோடு ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்றார் ராக்கியப்பன். நான் மறுபடியும் சொன்னேன். மூன்றாம் முறை சொல்லும்போது என் குரல் கீச்சென்று ஆகிவிட்டது. டேனியல் கார் எடுத்து வந்தார்.

நவம்பர் 20, வியாழன்

தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு காலம் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தியது உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கும் என்றார் டாக்டர். மருந்தோடு, பார்த்துக்கொள்ள ஆளோடு, மெதுவாகச் செய்ய வேண்டிய காரியமாம். “யார் சொல்லி நிறுத்தினார்?” என்று கேட்டார்.

நான் காரிடாரில் இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிடவில்லை. நான் சொன்ன ஒரு பொய் எதிர்வீட்டு மனிதரை அங்கே படுக்க வைத்திருக்கிறது. குடித்துத் தொலைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததை எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு

ராக்கியப்பனைச் சாதாரண அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்கேன் எடுக்கும்போதுகூட மாலையைக் கழற்றவிடவில்லையாம். நர்ஸ் சலித்துக்கொண்டார்.

தனபாக்கியம்மாள் காபி வாங்கப் போனதும் நான் சொல்லிவிட்டேன். பக்தியால் மாலை போடவில்லை, உங்கள் சங்கத்திலிருந்து தப்பிக்கத்தான் அப்படிச் சொன்னேன், என்னால் உங்களுக்கு இந்த நிலைமை. வாக்கியம் வாக்கியமாக, ஒப்பிப்பதுபோலச் சொன்னேன்.

அவர் கூரையைப் பார்த்தபடியே இருந்தார். “தெரியுமுங்க.”

“எப்படி?”

“கோயில்ல கன்னத்துல போட்டீங்களே, யாரையோ கும்புடறாப்பலயா போட்டீங்க? கொசு அடிக்கறாப்பல போட்டீங்க.”

சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. பிறகு சொன்னார். “நானும் அதுக்குத்தானுங்க போட்டேன். சாமி மேல நம்பிக்கை உண்டு, இல்லீங்கல. ஆனா மாலை இல்லாம நான் வேண்டாமுன்னா எம்பட கூட்டாளிங்க உடமாட்டாங்க.”

“உங்க கூட்டத்துல விடாம ஊத்தறதே நீங்கதானே?”

“அதையேதானுங்க நானும் சொல்றேன்.”

தனபாக்கியம்மாள் காபியோடு வந்துவிட்டார்.

டிசம்பர் 3, புதன்

ராக்கியப்பன் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. மாத்திரை தொடர்கிறது. செவ்வாய்தோறும் ஆஸ்பத்திரியில் குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்குப் போகிறார். “அங்கயும் நாற்காலி வட்டமாத்தானுங்க போடறாங்க. மிக்சர்தான் இல்லை.”

ஆறு மணிக்கு நாங்கள் இருவரும் குடியிருப்பைச் சுற்றி நடக்கிறோம். டேனியலும் சில நாள் வருவார். மாலை போட்டவர்கள் முன்னால் அவர் சங்கப் பேச்சே எடுப்பதில்லை. மரம், மழை, மகன்கள், மின்வெட்டு என்று பேசுகிறோம்.

எனக்குத் தூக்கம்தான் இன்னும் வரவில்லை. கட்டிலின் அந்தப் பக்கம் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருக்கிறது. ஒருமுறை அந்தப் பக்கம் படுத்துப் பார்த்தேன். அதுவும் சரிவரவில்லை. இதைப் பற்றி வேறொரு நாள் எழுதலாம்.

டிசம்பர் 12, வெள்ளி

ரேஷன் கடை. சர்க்கரை வரவில்லை.

அருள்செல்வன் மாமாவைப் பார்க்க வந்திருந்தான். அவனும் மாலையில் இருக்கிறான், கால் தொட்டு வணங்கினான். வணக்கம் முடிந்ததும் திட்டத்தைச் சொன்னான். மலைக்குப் போய் வந்து மாலை இறக்கியபின், ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுப் போர்ட்டிகோவில் விருந்து. தோப்பிலிருந்து கிடா வருகிறது. மற்றதையும் அவனே கொண்டுவருகிறானாம். “வருசா வருசம் உள்ள பழக்கமுங்க சாமி. ஒரு மாசத்துக்கு மேல காஞ்சு கெடந்ததுக்கு ஒரு நாளு.”

ஆஸ்பத்திரிக்குப் போனது நெஞ்சுவலிக்காக என்றுதான் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ராக்கியப்பன் அவனைத் தடுக்கவில்லை. சரியென்றும் சொல்லவில்லை. மாலையோடு நான் துணிச்சல்காரன். மாலை இல்லாமல் நவம்பர் ஐந்தாம் தேதி நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் 18, வியாழன்

நடந்துகொண்டிருக்கும்போது ராக்கியப்பன் குருசாமிக்குப் போன் போட்டார். “மாலையக் கழட்டாமயே இருந்துட்டா என்னங்க சாமி?”

குருசாமி சொன்னது எனக்கும் கேட்டது. “யாத்திர முடிஞ்சா எறக்கித்தானுங்க ஆகணும். அடுத்த வருசம் மறுபடி போட்டுக்கலாம்.”

“அடுத்த வருசமுங்களா” என்றார் ராக்கியப்பன்.

டிசம்பர் 22, திங்கள்

ஏறினேன். டோலிக்காரர்கள் வழியெல்லாம் கூப்பிட்டார்கள். ராக்கியப்பன் என் இருமுடியை ஒரு கையால் தாங்கிக்கொண்டே வந்தார். மேலே போய் என்ன வேண்டுவதென்று தெரியாமல் கூட்டத்தில் தள்ளப்பட்டு வெளியே வந்துவிட்டேன். வெளியே வந்தபிறகுதான் வேண்ட வேண்டியது ஞாபகம் வந்தது. திரும்பிப் போக முடியவில்லை.

டிசம்பர் 24, புதன்

மாலை இறக்கியாயிற்று. கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

டிசம்பர் 25, வியாழன்

டேனியல் வீட்டிலிருந்து கேக் வந்தது. அவர் மனைவி ரம்மில் ஊறவைத்த திராட்சை போட்டுச் செய்வார் என்று கேள்வி. முகர்ந்து பார்த்தேன். தெரிந்துகொள்ளத் தேவையான நேரத்தைவிட அதிக நேரம் முகர்ந்தேன். வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

காலையிலிருந்து மூட்டுவலி. விருந்துக்குப் போகாமல் இருக்க அது போதுமான வலி. போர்த்திக்கொண்டு படுத்தேன். மலையில் இருமுடியைத் தாங்கிய கை ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. நான் போகாவிட்டால் அந்த மேசையில் குடிக்காமல் இருக்க வேண்டியவர் ராக்கியப்பன் ஒருவர்தான். போய் என்ன செய்யப்போகிறேன் என்றும் தெரியவில்லை. பன்னிரண்டரைக்கு எழுந்து சட்டை போட்டேன்.

போர்ட்டிகோவில் இலை போட்டிருந்தார்கள். அருள்செல்வனும் அவன் நண்பர்கள் இருவரும், டேனியல், ராக்கியப்பன். ராக்கியப்பன் எனக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் கையில் நடுக்கம் இல்லை. ஆனால் இரண்டு கையையும் மேசையின் விளிம்பில் அழுத்தி வைத்திருந்தார்.

அருள்செல்வன் பாட்டிலைத் திறந்தான். முதல் டம்ளர் மாமாவுக்கு, இரண்டாவது எனக்கு. “கன்னிசாமி நல்லபடியா மல ஏறி வந்துட்டீங்க. எடுத்துக்குங்க சார்.”

“எனக்கு வேண்டாம்.”

“ஏனுங் சார்? அதான் மாலை எறக்கியாச்சுங்களே.”

“இறக்கியாச்சு. வேண்டாம்.”

“ஒடம்புக்கு ஏதாச்சுமுங்களா?”

“இல்லை.”

“டாக்டர் ஏதாச்சும்…”

“இல்லை.”

“அப்பறம் என்ன சார்” என்றார் டேனியல். “காரணம் இல்லாம ஒரு மனுஷன் எப்படி வேண்டாம்னு சொல்லுவான்? பிடிக்கலையா?”

பக்கத்தில் ராக்கியப்பன் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. அவர் டம்ளரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் வாயில் வரவில்லை. டம்ளரிலிருந்து வாசம் வந்தது. எனக்கு அது சிங்கின் முன்னால் நான் நின்ற காலை நேரத்தின் வாசம்.

“ரொம்பப் பிடிக்குது” என்றேன். “அதனாலதான் வேண்டாம்.”

சொல்லி முடித்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டன. நண்பர்களில் ஒருவன் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். அருள்செல்வனுக்குப் புரியவில்லை. மாமாவைப் பார்த்தான்.

ராக்கியப்பன் தன் டம்ளரையும் என் டம்ளரையும் எடுத்தார். எடுத்த கை கொஞ்ச நேரம் மேசைக்கு மேலேயே நின்றது. அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று நினைவில்லை. பிறகு இரண்டையும் அருள்செல்வன் பக்கம் நகர்த்தினார்.

“புரபசர் பக்கத்துல உக்காந்துட்டு நான் எப்படிடா குடிக்கறது? அந்தப் பக்கம் கொண்டு போ. குழம்பு ஊத்து.”

சாப்பிட்டோம். என்ன சாப்பிட்டேன் என்று தெரியவில்லை. தனபாக்கியம்மாள் மட்டும் என் இலைக்கு வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் பரிமாறிக்கொண்டே இருந்தார்.

டிசம்பர் 29, திங்கள்

தூக்கம் இல்லை. பால் காய்ச்சிக் குடித்தேன். வசுமதி போன் செய்து, தூங்குகிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். “பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடியே வரேம்பா” என்றாள். அவள் அம்மாவைப் பற்றி ரொம்ப நேரம் பேசினோம். சௌந்தரம் போன பிறகு நாங்கள் அப்படிப் பேசியது இன்றுதான்.

டிசம்பர் 31, புதன்

காலண்டர் மாற்றினேன்.

புத்தாண்டு என்பதால் இன்று டேனியல் வீட்டில் சங்கம். வரச்சொல்லி இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். போகாமல் இருந்தால் அவரோடு இருக்கும் சிநேகமும் போய்விடும். ராக்கியப்பனும் நானும் சேர்ந்தே போனோம். போகிற வழியில் அவர், “நீங்க மொதல்ல சொல்லிருங்க” என்றார். எனக்கு அன்றைக்கு எப்படி வாய் வந்தது, இன்றைக்கும் வருமா என்று தெரியவில்லை.

டேனியல் கேட்டார். வேண்டாம் என்றேன்.

கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் முறுக்கு. மறுபடியும் கேட்டார். “வருஷக் கடைசி சார். ஒரு மூடி.” வேண்டாம் என்றேன். அன்றைக்குச் சொன்னதைவிட இது கடினமாக இருந்தது.

கிளம்பும் நேரத்தில் அவர் மூன்றாவது முறை பாட்டிலோடு வந்தார். நான் மறுபடியும் சொல்லத் தயாரானேன். அதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“வேண்டாமுங்க டேனியல். எனக்குங்கூட.”

ராக்கியப்பன்தான். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. டேனியலுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, என்ன என்று கேட்டார். ராக்கியப்பன் மறுபடியும் சொன்னார்.